கேம் பெட்டிக்காரி

அந்த வீட்டில் ஒன்பது வீடியோ கேம் பெட்டிகள் இருந்தன. எல்லாம் இருபத்தைந்து, முப்பது வருடத்துக்கு முந்தைய சரக்கு. ஒன்பதும் வேலை செய்தன. கடையிலிருந்து புதிதாக வந்த நாளில்கூட அவை இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்காது என்று அவள் சொல்வாள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒன்பதில் ஏதாவது ஒன்றில், ஒரே ஒரு ஆட்டத்தை, முழுதாக வேண்டாம், கால்வாசியாவது ஆடியிருக்கிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறை வேலை. முன்னால் கண்ணைப் பரிசோதிப்பவர் எழுதும் சீட்டு உள்ளே வரும். வட்ட லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பை மழுக்கி, பொருத்தி, கடுகளவு திருகை முடுக்கி வெளியே அனுப்புவது அவள் பொறுப்பு. ஃபிரேம் இல்லாத கண்ணாடி என்றால் லென்ஸிலேயே துளை போட வேண்டும். ஒரு மயிரிழை தவறினாலும் லென்ஸ் குப்பைக்குப் போகும். இருபது வருடத்தில் அவள் குப்பைக்கு அனுப்பியவற்றை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். தான் செய்த கண்ணாடி ஒன்றைக்கூட அவள் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

இந்தக் கேம் பெட்டிப் பைத்தியம் ஆறு வருடத்துக்கு முன்னால் பிடித்தது. அவளுடைய தம்பி வீடு மாற்றினான். மூட்டை கட்டும்போது பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே சின்ன வயதில் இரண்டு பேருக்குமாக வீட்டில் வாங்கித் தந்த கேம் பெட்டி. இரண்டு பேருக்குமாக என்பது பேச்சுக்குத்தான். ஆடியது முழுக்கத் தம்பி. "அக்கா, படம் போச்சு" என்று அவன் கத்தினால் டிவிக்குப் பின்னால் போய் ஒயரை ஆட்டிச் சரிசெய்வது அவள் வேலை. அந்த டிவியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"உயிர் போயிடுச்சு அக்கா. தூக்கிப் போட்டுடலாம்" என்றான் தம்பி.

"இரு, கொடு" என்று வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜைமேல் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்தாள். உள்ளே பச்சைத் தகட்டில் கெப்பாசிட்டர் என்கிற குட்டி உருளை ஒன்று வீங்கிக் கசிந்திருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கி வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள். சுவிட்சைப் போட்டதும் திரையில் ஆட்டத்தின் பெயர் பெரிதாக வந்தது. பாட்டும் வந்தது. கீழே 'தொடங்க பட்டனை அழுத்தவும்' என்ற வரி மினுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு பெட்டியை அணைத்தாள். இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா என்று பார்க்க மறுபடி திறந்தாள்.

அன்று திறந்தவள்தான். ஒன்று இரண்டாகி, இரண்டு ஒன்பதானது. சமையலறைக்கு அடுத்திருந்த சின்ன அறையில் தட்டுப் பலகைகள் ஏறின. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு எண். பழைய பெட்டிக்குப் பழைய டிவிதான் பொருத்தம் என்று எங்கோ யாரோ கழித்துக் கட்டிய, பின்பக்கம் புடைத்த டிவி ஒன்று வந்தது. அது கர்ப்பிணி யானை கனம். அவளுடைய கணவரும் எதிர்வீட்டுக்காரரும் அதை மூன்று மாடி தூக்கினார்கள். அவர்கள் மூச்சு வாங்க நின்ற ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் விளக்கம் சொன்னாள்.

"புது டிவியில இந்தப் படம் புள்ளி புள்ளியாத் தெரியும். இதுலதான் புள்ளியெல்லாம் ஒண்ணாக் கலந்து வரும். புரியுதுங்களா?"

எதிர்வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அதன் பிறகு அந்த வீட்டில் எதற்குக் கூப்பிட்டாலும் அவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

கணவர் பஸ் ஓட்டுநர். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். ஆரம்பத்தில் அவர் ஆசையாகத்தான் வந்து உட்கார்ந்தார். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரை எடுத்து, தொடங்கும் பட்டனை அழுத்தப் போவார். பின்னாலிருந்து குரல் வரும்.

"ஒரு நிமிஷம். சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு."

சிவப்பு சரியாகும். அவர் மறுபடி விரலைக் கொண்டு போவார்.

"ஒரு நிமிஷம். படம் இடது பக்கம் ஒரு நூல் தள்ளியிருக்கு பாருங்க."

அவர் கண்ணுக்கு எதுவும் தள்ளியிருக்காது. ஆனாலும் எழுந்து வழிவிடுவார். டிவியின் மூடி கழற்றப்படும். அவர் போய்ப் பல் தேய்த்து, குளித்து, சீருடை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாலும் மூடி கழற்றியபடியே கிடக்கும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் அம்மாவுக்கு 'ஒரு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டாள். "ஒரு நிமிஷம் வீட்டுல இருக்காங்களா?" என்றுதான் போனில் அப்பாவிடம் கேட்பாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டிவிக்குப் பின்னால இருக்காங்க" என்பார்.

கொஞ்ச நாளில் அவர் அந்த அறைப் பக்கமே போவதை நிறுத்திவிட்டார். அவருக்குப் பொறுமை போதாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவளுக்குக் கை துறுதுறுவென்றது. பெட்டிகள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்தன. பழுது என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதுதான் கேசட்டுகள் கண்ணில் பட்டன. பழைய ஆட்டக் கேசட்டுகள் சிலவற்றுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். ஆடுபவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள அதுதான் உயிர். அந்தப் பேட்டரியை எடுத்தால் நினைவும் அதோடு போய்விடும். பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது, ஒருநாள் கசிந்து தகட்டை அரித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நினைவு போனால் என்ன? இந்த வீட்டில் யார் ஆடுகிறார்கள்? பதினான்கு கேசட்டையும் திறந்து, பழைய பேட்டரிகளைப் பிடுங்கிப் புதியவற்றை வைத்தாள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாள். பதினான்கு முறை முதல் திரை வந்தது. அன்றைக்கு அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள்.

திங்கட்கிழமை கணவருக்கு மதிய ஷிப்ட். மாலையில் அவருடைய டீ இடைவேளை பார்த்து அவள் கடையிலிருந்து போன் செய்தபோது அவர் குரலே சரியில்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை பேயறைந்தவர் மாதிரி ஜன்னலோரம் நின்றார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லையே."

"டிப்போவுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

அவள் விடவில்லை. கடைக்குப் பக்கத்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்லாம் பார்த்தார்கள். இந்த வயதில் இவ்வளவு ஆரோக்கியமான ஓட்டுநரைப் பார்த்ததில்லை என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். பாராட்டைக் கேட்டும் அவர் முகம் தெளியவில்லை.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் புலம்பினாள். மகள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, நீ சனிக்கிழமை அந்தக் கேசட்டுக்கெல்லாம் பேட்டரி மாத்தினேல்ல."

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்பா அதுல எட்டு மாசமா ஆடிட்டு இருந்தாரு."

அவள் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். மதிய ஷிப்ட் வாரங்களில், அவள் கடைக்குக் கிளம்பியதும், அவர் சின்ன அறைக்குள் போய்விடுவார். உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லாம் எப்படி இருக்கிறதோ அப்படியே போனில் ஒரு படம் பிடித்துக்கொள்வார். பதினோரு மணி வரை ஆட்டம். பிறகு அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒயரின் வளைவு உட்பட எல்லாவற்றையும் பழையபடி வைப்பார். ஒருநாள் கல்லூரியில் வகுப்பு இல்லையென்று மகள் சீக்கிரம் வந்தபோது கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று பெற்ற பெண்ணையே கும்பிட்டிருக்கிறார்.

"எந்த ஆட்டம்?" என்று கேட்டாள்.

தோளில் மூட்டையோடு ஒரு சின்னப் பயணி. தீவு தீவாகப் படகில் போய், அணைந்துபோன கலங்கரை விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். மொத்தம் நாற்பது விளக்கு. பயணிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லும். அப்பா தன்னுடைய பஸ் தடத்தின் எண்ணையே வைத்திருந்தார் என்றாள் மகள். நாற்பத்தேழு சி.

லென்ஸில் துளை தவறிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவளுக்கு. ஆனால் லென்ஸ் போனால் இன்னொரு லென்ஸ் எடுக்கலாம். எட்டு மாதத்தை எந்த அலமாரியிலிருந்து எடுப்பது? பாவம் அந்த மனிதர், வாய்விட்டுப் புலம்பக்கூட வழியில்லை. புலம்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட். மதியம் மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவார். கடையில் காய்ச்சல் என்று பொய் சொல்லி இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, அவர் விட்ட இடம் வரைக்கும் தானே ஆடி வைத்துவிடுவது. ஆட்டம்தானே, சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்ததுதானே என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தாள். பயணிக்கு நாற்பத்தேழு சி என்று பெயர் வைத்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தொடங்கும் பட்டனை அழுத்தினாள். பயணி இரண்டு எட்டு வைத்து நேராகத் தண்ணீரில் விழுந்தான். மறுபடி கரையேறினான், மறுபடி விழுந்தான். படகுத்துறையிலிருந்து படகுக்குத் தாவ வேண்டும். பதினோரு முறை தாவினாள், பதினோரு முறையும் கடலில். கூடவே, அவன் விழும்போதெல்லாம் சட்டையின் நீலம் ஓரத்தில் லேசாக வழிவது அவள் கண்ணை உறுத்தியது. பார்க்காதே என்று மனதை அடக்கினாள். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் டிவியின் மூடியைக் கழற்றினாள். நீலம் சரியானபோது மணி இரண்டேகால்.

இடையில் ஒரு தடவை போனில் உதவி கேட்டுப் பார்த்தாள். பழைய பெட்டிகளைப் பராமரிப்பவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. முந்நூறு பேர். எந்த உருளைக்கு எந்த அளவு என்று கேட்டால் அடுத்த நொடியில் பத்து பதில் வரும். "இந்த ஆட்டத்துல படகுல ஏறுறது எப்படி?" என்று எழுதினாள். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருவர், "இதுல படகு வருமா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் அதே ஆட்டத்தின் முதல் திரையைப் படம் பிடித்துப் போட்டு, தன்னுடைய பெட்டியில் நிறம் எவ்வளவு துல்லியமாக வருகிறது பாருங்கள் என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள். இவளும் பாராட்டினாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை எப்படியோ படகில் ஏறிவிட்டாள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள், கன்ட்ரோலரின் இடது பட்டன் அழுத்தினால் அரை நொடி தாமதமாக வேலை செய்வது தெரிந்தது. தான் விழுந்ததற்கெல்லாம் இதுதான் காரணம் என்று அவளுக்குப் பிடிபட்டது. அதைப் பிரித்து, உள்ளிருந்த ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தாள். வேலையில் மூழ்கினால் அவளுக்கு நேரம் போவது தெரியாது. வாசற்கதவு திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

சீருடையோடு அறை வாசலில் நின்றார் அவர். திரையில் படகு ஆடிக்கொண்டிருந்தது. மேலே மூலையில் நாற்பத்தேழு சி என்று இருந்தது. மேஜைமேல் கன்ட்ரோலர் பதினேழு துண்டாகக் கிடந்தது.

"கடைக்குப் போகலையா?" என்றார் அவர்.

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்." அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியுங்க. பொண்ணு சொல்லிட்டா. பேட்டரிய நான்தான் மாத்தினேன். உங்களோடது அதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் போயிடுச்சு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அசடு வழிந்தது முகத்தில்.

"எத்தனை ஏத்தியிருந்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "விட்ட இடத்துக்குக் கொண்டுபோய் வெச்சிடலாம்னுதான் ரெண்டு நாளா ஆடறேன்."

"நீயா?" அவருக்கு நம்ப முடியவில்லை. "எத்தனை ஏத்தினே?"

"ஒண்ணு."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த முதல் விளக்கு ஆரம்பத்துலேயே எரிஞ்சிட்டுத்தாம்மா இருக்கும். யாரும் ஏத்த வேண்டாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அந்தச் சிரிப்போடு போனது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது.

"எட்டு மாசம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தீங்களா?"

"சொல்லியிருந்தா நீ பின்னால வந்து நின்னிருப்பே."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். மேஜைமேல் கிடந்த பதினேழு துண்டுகளைப் பார்த்தாள். ரப்பர் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக அதனதன் குழியில் வைக்க ஆரம்பித்தாள்.

அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். "ஒண்ணு சொல்றேன், கேளு. நீ பண்ணி வெச்சிருக்கிறது எவ்வளவு நல்லா இருக்குன்னு இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கே தெரியாது. பதினெட்டாவது தீவுல மழை பெய்யும். அந்த மழைய நீ பார்த்ததில்லை."

"எப்படி இருக்கும்?"

"துளித் துளியாத் தெரியும். தண்ணியில விழுற சத்தம் தனியா, கூரையில விழுற சத்தம் தனியாக் கேட்கும். பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்துட்டு வெளிய மழையப் பார்க்கிற மாதிரி. நான் அன்னைக்கு விளக்கையே ஏத்தாம சும்மா நின்னுட்டு இருந்தேன்."

அவள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கடையில் கண்ணாடி வாங்கிப் போகும் யாரும் பின்னறைக்கு வந்து, இதைப் போட்டுக்கொண்டு நான் இன்னதைப் பார்த்தேன் என்று அவளிடம் சொன்னதில்லை.

"ஓரத்துல கலர் வழியலையே?" என்று கேட்டாள்.

"வழியலை."

"நிச்சயமா?"

"வழியலைம்மா."

அடுத்த நாள் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். வழி தெரிந்தவர் என்பதால் வேகமாகப் போனார். ஒளிவு மறைவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு நிபந்தனை, கையில் திருப்புளி இருக்கக் கூடாது. இரண்டு மாதத்தில் பதினெட்டாவது தீவு வந்தது. அவர் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுக்க, அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். மழை பெய்தது. அவள் கதவில் சாய்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவது மாதம் நாற்பது விளக்கும் எரிந்தன. அதோடு அவர் அடுத்த கேசட்டுக்குப் போனார். அப்போதுதான் அந்த நோட்டுப் புத்தகம் வந்தது. பஸ் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் வண்டியில் என்ன கோளாறு என்று ஓட்டுநர் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மெக்கானிக் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடுவார். அவர் அதே மாதிரி ஒரு நோட்டைச் சின்ன அறையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். 'இடது பட்டன் இறுகுகிறது.' 'ஒயர் குட்டை, முதுகு வலிக்கிறது.' 'மூன்றாம் எண் பெட்டி அரை மணி நேரத்தில் சூடாகிறது.' அவள் கடையிலிருந்து வந்ததும் காபிகூடக் குடிக்காமல் முதலில் நோட்டைத்தான் பார்ப்பாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவ்வளவு அழகான கையெழுத்தை அவள் கல்யாணப் பதிவுப் புத்தகத்தில்கூடப் போட்டதில்லை என்று அவர் சொல்வார்.

போன மாதம் ஒரு வாரம் முழுக்க நோட்டில் ஒன்றும் இல்லை. எல்லாப் பெட்டியும் சரியாக ஓடின. திங்கள், செவ்வாய் பொறுத்தாள். புதன்கிழமை நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். வியாழக்கிழமை, "எழுத மறந்துட்டீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள். வெள்ளிக்கிழமை அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து மகள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள்.

சனிக்கிழமை காலை நோட்டில் ஒரு வரி இருந்தது. 'ஐந்தாம் எண் பெட்டி. சத்தம் கொஞ்சம் கம்மியோ?'

கம்மியெல்லாம் இல்லை. அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அவள் துண்டை விரித்து, கண்ணாடிக் கடைத் திருப்புளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, ஐந்தாம் எண் பெட்டியின் முதல் திருகைக் கழற்றினாள். அந்த வேலை நான்கு நாள் நடந்தது.